அம்புக்கு மட்டும் தண்டனை

ரயில் தடம் புரண்டால் சிக்னல் ஊழியர் மீது வழக்கு. துப்பாக்கிச் சூடு நடந்தால் இன்ஸ்பெக்டர் மீது வழக்கு. வெள்ளம் வந்தால் மழையின் மீது பழி. ஆட்சியில் இருப்பவர்களின் பெயர் மட்டும் இந்தக் குற்றப்பத்திரிகைகளில் ஏறாதது ஏன்? புதுவாயல் கூட்டுச்சாலையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

புதுவாயல் கூட்டுச்சாலையில் பொழுது புலரும் முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் பெரியபாளையம் சாலை வந்து சேரும் இடம் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிச்செல்லும் கம்பெனி பஸ்களும் வேன்களும் சாலையோரம் நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. பக்கத்துக் கிராமத்துப் பெண்களும், ஒடிசா, பீகார், அசாமிலிருந்து பிழைக்க வந்த இளைஞர்களும் ஒரே டீக்கடை வாசலில் காத்திருப்பார்கள்.

கேட்டில் விரல் வைக்க வேண்டிய நேரம் இவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலி போய்விடும் இடங்கள் உண்டு. ஒரு பொருள் பழுதாக வெளியே போனால், அந்த நேரத்தில் மெஷினில் நின்றது யார் என்று பதிவேட்டைப் புரட்டுவார்கள். நிரந்தரத் தொழிலாளி என்றால் மெமோ வரும். காண்ட்ராக்ட் ஆள் என்றால் மெமோகூடக் கிடையாது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

பொறுப்பு என்பது இவர்களுக்கு அன்றாடம் கூலியிலிருந்து கழியும் பணம். இப்படி நாள்தோறும் கணக்குச் சொல்லிப் பழகிய மக்களை ஆள்பவர்கள் மட்டும் தங்கள் கணக்கைச் சொல்வதே இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் ஊர்ப் பழமொழி. நம் ஆட்சிமுறையோ அம்பை ஒடித்துப் போடுவதையே நீதி என்று நமக்குப் பழக்கி வைத்திருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ரயில் நிலையத்திலிருந்தே தொடங்கலாம்.

கவரைப்பேட்டை இரவு

2024 அக்டோபர் 11, ஆயுதபூஜை நாள். இரவு எட்டரை மணி அளவில், மைசூருவிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குச் செல்லும் பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டை நிலையத்தை நெருங்கியது. நிற்காமல் பிரதான பாதையில் செல்ல அதற்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் ரயில் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறம் மோதியது. பெட்டிகள் சரிந்தன, தீயும் பிடித்தது. 19 பேர் காயமடைந்தார்கள். உயிரிழப்பு இல்லை என்பது மட்டுமே அன்றைக்குக் கிடைத்த ஆறுதல்.

விசாரணைக்கு முதலில் அழைக்கப்பட்டவர்கள் லோகோ பைலட், நிலைய அதிகாரிகள், சிக்னல் மற்றும் தண்டவாளப் பராமரிப்புப் பணியாளர்கள். அதில் தவறில்லை, சம்பவத்தின் அருகில் இருந்தவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். தண்டவாளப் பாகங்கள் வேண்டுமென்றே கழற்றப்பட்டிருந்தன, இது நாசவேலை என்ற முடிவுக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வந்ததாக 2025-ல் செய்திகள் வெளியாயின. விசாரணை முடியும் முன்பே யார் மீதும் பழி போடக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். கவரைப்பேட்டைக்காக யாரையும் இந்தக் கட்டுரை குற்றம் சாட்டவில்லை.

அதே தண்டவாளத்தில் இன்னும் வடக்கே போனால் வேறொரு கதை இருக்கிறது.

எச்சரிக்கை மேலே போனது, தண்டனை கீழே வந்தது

2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹானாகா பஜார் நிலையத்தில், பச்சை விளக்கை நம்பிப் போய் லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. எதிர்த்திசையில் வந்த ரயிலும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு தெற்கே வேலை தேடி வந்தவர்கள் அவர்களில் பலர். புதுவாயலில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒடிசா, வங்கத்து இளைஞர்கள் ஊருக்குப் போய்வரும் பாதையும் அதுதான்.

சிக்னல் பராமரிப்பில் நடந்த தவறே காரணம் என்றது பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. 2023 ஜூலையில் சி.பி.ஐ. மூன்று பேரைக் கைது செய்தது. இரண்டு பொறியாளர்கள், ஒரு டெக்னீஷியன். பட்டியல் அத்துடன் நின்றது.

ஆனால் விபத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே, 2023 பிப்ரவரியில், கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் ஒரு ரயில் இதே போலத் தவறான பாதைக்குள் நுழையப் பார்த்தது. ஓட்டுநரின் விழிப்பால் தப்பியது. சிக்னல் முறையில் கடுமையான குறைபாடு இருக்கிறது, உடனே சரிசெய்யாவிட்டால் பெரும் விபத்து நேரும் என்று தென்மேற்கு ரயில்வேயின் மூத்த அதிகாரி ஒருவர் எழுத்துபூர்வமாக எச்சரித்தார். அந்தக் கடிதம் மேலே போனது. அதன் மீது யார் என்ன முடிவெடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் கைதானவர்களின் வரிசையில் இல்லை.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். ரயில் பாதுகாப்புக்கென்றே 2017-18-ல் ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் தனி நிதியம் அறிவிக்கப்பட்டது. அதில் நான்காண்டுகளில் ரயில்வே தன் சொந்த வருவாயிலிருந்து போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடப்படவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022 அறிக்கையில் எழுதினார். பாதுகாப்புக்கான அந்த நிதியிலிருந்து கால் மசாஜ் கருவியும் பீங்கான் பாத்திரங்களும் வாங்கப்பட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. நிதியை ஒதுக்குவதும் தள்ளிப்போடுவதும் டெக்னீஷியன் எடுக்கும் முடிவுகள் அல்ல. அமைச்சகம் எடுக்கும் முடிவுகள். ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பதவியில் தொடர்ந்தார். 2024 தேர்தலுக்குப் பிறகும் அதே துறை அவருக்கே தரப்பட்டது.

அரியலூரில் ஒரு முன்னுதாரணம்

ஒரு அமைச்சர் ஒவ்வொரு போல்ட்டையும் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு இந்தியா ஒரு காலத்தில் தமிழ் மண்ணிலிருந்தே பதில் சொல்லியிருக்கிறது.

1956 நவம்பர் 23 விடியற்காலை. அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனப்பட்டிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா செய்ய முன்வந்து, பிரதமர் நேரு மறுத்ததால் தொடர்ந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே தீர்ந்தார். சாஸ்திரி எந்த வகையிலும் விபத்துக்குக் காரணம் அல்ல, ஆனால் அரசியல் சட்ட நெறிக்கு ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் ஓ.வி. அழகேசன், செங்கல்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். இன்றைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரம் முழுவதும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட 1957 தேர்தலில் அரியலூர் விபத்தை அந்தக் கட்சி பெரும் பிரசாரமாக்கியது. அழகேசன் தோற்றார். துணை அமைச்சர்கூட மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த காலம் அது.

அடுத்த ஆண்டே இன்னொரு தமிழர். ஆயுள் காப்பீட்டுக் கழகம், வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் 1.24 கோடி ரூபாயைப் போட்டதை நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளா ஒரு நபர் ஆணையமாக, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, வாரக்கணக்கில் வேலையை முடித்தார். தன் செயலாளர் செய்தது தனக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்க முடியாது, அதிகாரியின் செயலுக்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு என்றது அறிக்கை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அந்தக் காலத்து அரசியல்வாதிகள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. டி.டி.கே. 1962-ல் மீண்டும் அமைச்சரானார். சொல்ல வருவது ஒன்றுதான்: பொறுப்பு அன்று படியேறிப் போய் அமைச்சரின் கதவைத் தட்டியது. நடுவில் எங்கோ அந்தப் படிகளை இடித்துவிட்டோம்.

தூத்துக்குடியின் மூவாயிரம் பக்கங்கள்

தொழிற்பேட்டைக்கு அருகில் வாழும் எவரும் 2018 மே 22-ஐ மறந்திருக்க முடியாது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்ற மக்கள் மீது போலீஸ் சுட்டது. 13 பேர் பலியானார்கள். அவர்களில் பதினேழு வயது மாணவியும் ஒருவர். கும்மிடிப்பூண்டியிலும் மணலியிலும் எண்ணூரிலும் காற்றையும் தண்ணீரையும் பற்றிக் கேள்வி கேட்பவர்களுக்கு அந்தத் தோட்டாக்கள் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போயின.

ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்காண்டுகள் விசாரித்து, 2022 மே மாதம் அறிக்கை தந்தது. சுமார் 3,000 பக்கங்கள். சட்டமன்றத்தில் அது வைக்கப்பட்டது அக்டோபர் 18-ல். கலைந்து ஓடிய மக்கள் மீதும், மறைவான இடங்களிலிருந்தும் போலீஸ் சுட்டதாக ஆணையம் கூறியது. ஐ.ஜி. முதல் காவலர் வரை 17 போலீஸார் மீதும், அன்றைய ஆட்சியர் மீதும், வருவாய்த்துறை அலுவலர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூறியிருந்தார். அது சரியல்ல, தலைமைச் செயலாளரும் டி.ஜி.பி.யும் உளவுத்துறைத் தலைவரும் நிகழ்வுகளை அவருக்கு உடனுக்குடன் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஆணையம் எழுதியது. காவல்துறை அவர் பொறுப்பில் இருந்த துறை. ஒரு முதலமைச்சர் சொன்னது உண்மையல்ல என்று அரசே அமைத்த ஆணையம் எழுதிவிட்டது. அதன் விளைவாக அவருக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை. வழக்கை விசாரித்த சி.பி.ஐ. போலீஸ் தரப்பில் குற்றப்பத்திரிகையில் சேர்த்தது ஒரே ஒரு இன்ஸ்பெக்டரை. எதிர்க்கட்சியாக இருந்தபோது நீதி கேட்டு முழங்கிய தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகும், ஆணையத்தின் பரிந்துரைகள் துறை நடவடிக்கை என்ற அளவில் மெலிந்துபோயின.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று நம்பியவர்களுக்குக் கள்ளக்குறிச்சியும் ஒரு பாடம். 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். மதுவிலக்குத் துறை அமைச்சர் அமைச்சராகவே இருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று தணிக்கை அறிக்கை 2018-ல் சொன்னது. அன்றைய அ.தி.மு.க. அரசில் அதற்காக எந்த அமைச்சரும் பதவி இழக்கவில்லை. கொடியின் நிறம் மாறுகிறது, தப்பிக்கும் வழி மாறுவதில்லை.

போபாலிலிருந்து தொழிற்சாலைகளுக்கு வந்த சட்டம்

புதுவாயல் வட்டாரத்தில் எந்தத் தொழிற்சாலை மேலாளரிடமும் ‘ஆக்குபையர்’ யார் என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு பெயர் சொல்வார். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். யூனியன் கார்பைடு தலைவர் வாரன் ஆண்டர்சன் போபாலில் கைதாகி, அன்றே ஜாமீனில் விடப்பட்டு, அரசு விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பப்பட்டார். பிறகு அவர் இந்திய நீதிமன்றத்தின் படியேறவே இல்லை. 2014-ல் அமெரிக்காவில் இறந்தார். அவரை அனுப்பி வைக்கச் சொன்ன ஆட்சியாளர் யார் என்பதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு கம்பெனியின் தொழிற்சாலை என்றால் அதன் இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையர், அதாவது சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர். மேலாளரையோ சூப்பர்வைசரையோ அந்த இடத்தில் நிறுத்திவிட்டு முதலாளி ஒதுங்க முடியாது என்று 1996-ல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த விதியைத் தொடர்கிறது. நடைமுறையில் ஓட்டைகள் உண்டு, பெரிய மனிதர்கள் அபராதத்தோடு தப்புவதும் உண்டு. ஆனாலும் சட்டம் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறது. லாபமும் முடிவும் மேலே இருந்தால் பொறுப்பும் மேலேதான் இருக்க வேண்டும்.

ஆனால் அதே சட்டம், அரசுக்குச் சொந்தமான தொழிற்சாலை என்று வரும்போது, அதை நிர்வகிக்க அரசு நியமித்த அதிகாரியே ஆக்குபையர் என்கிறது. அரசின் வாசலில் வந்து பொறுப்பு நின்றுவிடுகிறது. ஒரு தனியார் இயக்குநரிடம் சட்டம் கேட்பதை, ஒரு துறையை ஆளும் அமைச்சரிடம் கேட்க மறுக்கிறது. இந்தக் கட்டுரையின் கோரிக்கை முழுவதும் இதற்குள் அடங்கும்: கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆலை இயக்குநருக்கு உள்ள பொறுப்பாவது கோட்டையில் ஒரு அமைச்சருக்கு வேண்டும்.

தப்பிக்கும் மூன்று வழிகள்

ஆட்சியாளர்கள் தப்புவதற்குச் சதி எதுவும் தேவைப்படுவதில்லை. சட்டத்துக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, எழுத்தில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. உத்தரவு போனில் வரும், கையெழுத்து அதிகாரியுடையதாக இருக்கும். தஞ்சை மண்ணைச் சேர்ந்த முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவின்படி அதிகாரிகள் செயல்படக்கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபர் 31-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஒழுங்காக நடைமுறைக்கு வந்திருந்தால், எந்த அம்பை யார் எய்தார் என்பது கோப்பிலேயே இருக்கும்.

இரண்டாவது வழி, அனுமதி. பொது ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 17-ஏ பிரிவின்படி, அலுவல் முடிவுகள் குறித்து விசாரணையைத் தொடங்கவே முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரியைக் காக்க வந்த ஏற்பாடு என்கிறார்கள். ஆனால் அனுமதி தருவதும் மறுப்பதும் ஆள்பவர் கையிலேயே இருக்கிறது. விசாரணை ஆணையங்களும் இப்படித்தான். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் அறிக்கை பரிந்துரை மட்டுமே, அரசைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது வழி, காலம். இதுதான் எல்லாவற்றிலும் வலிய கேடயம். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கின் காலம் 1991 முதல் 1996 வரை. பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது 2014 செப்டம்பர் 27-ல். அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை மீண்டும் உறுதி செய்தபோது 2017 பிப்ரவரி. அவர் இறந்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. குற்றம் நடந்தபோது பிறந்த குழந்தை வாக்காளராகிவிட்டது, தீர்ப்போ அப்போதும் முடியவில்லை.

செந்தில் பாலாஜியின் கதை இரண்டு கழகங்களையும் தொடுகிறது. அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது வேலைக்குப் பணம் வாங்கியதாகப் புகார். தி.மு.க. ஆட்சியில் அமைச்சராக இருக்கும்போது 2023 ஜூனில் கைது. சிறையிலும் பல மாதங்கள் இலாகா இல்லாத அமைச்சர். 2024 செப்டம்பரில் ஜாமீன் கிடைத்த மூன்றாம் நாள் மீண்டும் அமைச்சர். பதவியா ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகே 2025 ஏப்ரலில் ராஜினாமா. அவர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் வேலைக்காகப் பணம் கொடுத்ததாகச் சொல்லும் ஏழைக் குடும்பங்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை யார் சொல்வது?

இதற்கு மருந்தாக, முப்பது நாள் காவலில் இருந்தால் அமைச்சர் பதவி போகும் என்ற 130-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவை மத்திய அரசு 2025 ஆகஸ்ட்டில் கொண்டுவந்தது. அது சரியான மருந்தல்ல. கைது செய்யும் அதிகாரம் எந்த ஆட்சியின் கையில் இருக்கிறதோ, அந்த ஆட்சிக்கு எதிரிகளை வீழ்த்த அது கூடுதல் ஆயுதமாகிவிடும். நமக்கு வேண்டியது விரைவான கைது அல்ல, விரைவான தீர்ப்பு.

கும்மிடிப்பூண்டி முகாமும் கொழும்புத் தீர்ப்பும்

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. ஆட்சியாளர்கள் தப்புவது என்றால் என்ன என்று அங்கிருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதாக 2015-ல் தண்டிக்கப்பட்ட ராணுவச் சிப்பாயை 2020 மார்ச்சில் அதிபர் கோத்தபய ராஜபக்ச மன்னித்து விடுவித்தார். 2009 முள்ளிவாய்க்கால் கொடுமைக்கு மேல்மட்டத்தில் ஒருவரும் இதுவரை கூண்டில் நிற்கவில்லை.

ஆனால் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் செய்திருக்கிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்ட தமிழ்க் குழந்தைகளும் அதில் அடக்கம். முன்கூட்டியே உளவுத் தகவல் வந்தும் தடுக்கத் தவறினார் என்று, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2023 ஜனவரி 12-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. போலீஸ் தலைவரும் உளவுத்துறைத் தலைவரும் தலா 7.5 கோடி தர வேண்டும். அதே ஆண்டு நவம்பரில், நாட்டைத் திவாலாக்கிய பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்கள் பொறுப்பு, அவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் தீர்ப்பு வந்தது.

தமிழர்களுக்கு நீதி தராத அந்த அமைப்பைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆட்சியாளரின் அலட்சியத்துக்கு அவரது சட்டைப்பையிலிருந்தே பணம் எடுக்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. நம் ஊரில் நிவாரணம் பத்து லட்சம் என்று அறிவிக்கும்போது, அது அறிவிப்பவரின் பணம் அல்ல. புதுவாயல் டீக்கடையில் டீத்தூளுக்கும் சர்க்கரைக்கும் கட்டிய வரியும் அதில் இருக்கிறது.

கடிவாளம் யாருக்கு?

நம் சட்டத்தில் கடிவாளமே இல்லையா என்றால், இருக்கிறது. கடைசிப் படியில் நிற்பவருக்கு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205-ஆவது பிரிவின்படி, ஒரு கிராம ஊராட்சித் தலைவரை, விளக்கம் கேட்டு, உறுப்பினர்களின் கருத்தைப் பெற்று, மாவட்ட ஆட்சியர் நீக்க முடியும். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்பது அங்கே தடையில்லை. எம்.எல்.ஏ.வையோ எம்.பி.யையோ ஐந்தாண்டுக்கு நடுவில் கேள்வி கேட்டு இறக்கும் வழி வாக்காளருக்கு இல்லை.

இதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கத்தில், 2020 சுதந்திர தினத்தன்று, பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு ஆட்சியரே நேரில் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். கீழ்ப்படியில் இருப்பவருக்கு அதிகாரம் தர ஊரே யோசிக்கிறது. மேற்படியில் இருப்பவரிடம் கணக்குக் கேட்க ஊரே தயங்குகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஊரக உள்ளாட்சிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஊராட்சிகள் ஒப்படைக்கப்பட்டன. குடிநீர் வரவில்லை என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாத நிலைக்கு கிராமங்கள் தள்ளப்பட்டன. தேர்தலைத் தள்ளிப்போட்டதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

விரக்தி எளிது. எல்லாக் கட்சியும் ஒன்றுதான், நம்மால் என்ன ஆகும் என்று பஸ் ஏறிவிடலாம். ஆள்பவர்களுக்கு மிகவும் வசதியான மனநிலை அதுதான். எனவே கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேட்போம்.

விசாரணை ஆணையத்தின் அறிக்கையை ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை விவரத்தோடு அவையில் வைக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அந்த விவரத்தில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் நேராக ஒரு தேதியும் ஒரு பெயரும் வேண்டும்.

மக்கள் பிரதிநிதிகள் மீதான ஊழல் உள்ளிட்ட கடும் குற்ற வழக்குகளை, குற்றச்சாட்டு பதிவான ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் உத்தரவிட்டது. எந்த வழக்கு எத்தனை ஆண்டாக நிற்கிறது, யார் வாய்தா கேட்டார்கள் என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

உயிர்ப்பலி நேர்ந்த எந்தச் சம்பவத்திலும், முன்னெச்சரிக்கைக் கடிதங்கள் யார் மேசையில் எத்தனை நாள் இருந்தன என்பதை விசாரணை வரம்பிலேயே சேர்க்க வேண்டும். சிக்னல் பெட்டியைத் திறந்தவரை மட்டும் விசாரிக்கும் விசாரணை பாதி விசாரணை.

வாக்கு கேட்டு வருபவரிடம் சாலை, தண்ணீர், பட்டா கேட்பது போலவே இதையும் கேட்க வேண்டும்: உங்கள் ஆட்சியில் தவறு நடந்தால் யார் பதவி விலகுவார்? பதில் சொல்லத் தயங்குபவருக்கு நம் விரலில் மை எதற்கு?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஊராட்சித் தலைவர் இல்லாவிட்டாலும் அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடும் உரிமை வாக்காளர்களுக்கு இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடப் பத்து ரூபாய் போதும். புதுவாயல் கூட்டுச்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒவ்வொருவரும் தினமும் விரல் வைத்துத் தன் கணக்கைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். அடுத்த கிராம சபையில் அதே விரலை நீட்டி, ஆள்பவர்களின் கணக்கைக் கேளுங்கள். கேட்கும்வரை அவர்கள் தர மாட்டார்கள்.